உறுப்பினர் பட்டியல் நிறைந்திருக்கிறது, தொடக்கக் கோட்டில் படகு குறைகிறது: சிங்கப்பூர் பாய்மரக் கிளப்புகள் இன்னும் 20 ஆண்டு தாங்குமா?

#1 வாடைக்காற்று (சனி, இரவு 9:40)

இங்கே பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறீர்கள். பிள்ளைகளை ஓட்ட அனுப்பும் பெற்றோர் அதைவிட அதிகம். அதனால்தான் இந்த இழை. நான் கிழக்குப் பக்கம் ஒரு கிளப்பில் பல வருடமாகப் பந்தயம் ஓட்டுகிறேன், பந்தயக் குழுவிலும் இருந்திருக்கிறேன். கிளப்பின் பெயர் வேண்டாம். பிரச்சினை அந்த ஒரு கிளப்போடு நிற்கவில்லை.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தவறாமல் ஒரு வரி வாசிக்கப்படுகிறது: "உறுப்பினர் எண்ணிக்கை நிலையாக உள்ளது." அது பொய் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கமிட்டி போட்டில், அதாவது பந்தயத்தை நடத்துகிறவர்கள் இருக்கும் படகில், நின்று எச்சரிக்கைக் கொடியை ஏற்றும்போது எதிரே சுற்றிக்கொண்டிருக்கும் படகுகளை எண்ணிப் பாருங்கள். முன்பு பிரிவு பிரிவாகத் தனித்தனித் தொடக்கம் கொடுப்போம். இப்போது எல்லாவற்றையும் ஒரே பிரிவில் சேர்த்து ஓடவிட்டு, கரைக்கு வந்தபின் ஹேண்டிகேப் கணக்குப் போட்டு (படகின் வேகத்துக்கு ஏற்ப நேரத்தைக் கூட்டிக் குறைத்து) யார் ஜெயித்தார் என்று அறிவிக்கிறோம். 40 அடிப் படகும் 25 அடிப் படகும் சேர்ந்து கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் ஒன்றைவிட்டு ஒன்று வெகுதூரம் விலகிவிடும். திரும்பும் இடத்தைக் காட்டும் மிதவையைச் சுற்றும்போது பக்கத்துப் படகுக்காரன் "இடம்! இடம்!" என்று கத்துவதும், அரைப் படகு நீளத்தில் முந்துவதும் இருந்தால்தானே பந்தயம்? அது போனால் அடுத்த வாரம் இன்னும் இரண்டு படகு வராது. அதற்கடுத்த வாரம் அந்தப் படகுகளின் க்ரூ, அதாவது கூட ஓட்டுகிறவர்கள், வேறு ஏதாவது வேலை வைத்துக்கொள்வார்கள்.

பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும். சாப்பாட்டுக்கும் நீச்சல் குளத்துக்கும் வருகிற குடும்பங்கள் ஒரு பக்கம். மோட்டார் படகு வைத்துக்கொண்டு பெர்த்துக்காக (படகு கட்டும் இடத்துக்காக)ச் சேர்ந்தவர்கள் இன்னொரு பக்கம். பந்தயக்காரர்கள் மூன்றாவது. முதல் கூட்டம் கூடிக்கொண்டே போவதால் மொத்த எண் அப்படியே நிற்கிறது. மூன்றாவது கூட்டம் வயதாகி, முதுகுவலி வந்து, படகை விற்றுவிட்டுக் கரையில் உட்காருகிறது. இடையில் வேலைக்கு வந்த வெளிநாட்டவர்கள் நிறைய பேர் உற்சாகமாக ஓட்டுவார்கள், ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள். ஒரு 30 அடிப் படகைப் பந்தயத்தில் ஓட்ட ஆறேழு பேர் வேண்டும். பத்துப் படகு என்றால் ஒவ்வொரு வாரமும் அறுபது எழுபது பேர். சொந்தப் படகுக்காரர் தயார், க்ரூ இல்லை என்பதால் கட்டியே கிடக்கும் படகுகள் எத்தனையோ.

நம் ஊர் இயற்கைக்கும் இதில் பங்கு உண்டு. இங்கிலாந்தில் கோடைக்காலத்தில் வேலை முடிந்து வந்து வாரநாள் மாலையில் பந்தயம் ஓட்டுகிறார்கள். ஜூனில் அங்கே இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். புதிதாக வருகிறவர் கிளப்புக்குள் நுழையும் வாசல் அந்த மாலைப் பந்தயம்தான். இங்கே ஆண்டு முழுக்க 7 மணியை ஒட்டி இருட்டிவிடும். நகர மையத்தில் ஷென்டன் வே அலுவலகத்திலிருந்து 6 மணிக்குக் கிளம்புகிறவர் கிழக்குக் கோடியில் சாங்கி வந்து சேரும்போது பாயை மடிக்கிற நேரம். ஆக, எல்லாமே சனி ஞாயிறில்தான். அந்த இரண்டு நாளில்தான் டியூஷனும் கோயிலும் கல்யாண வீடும்.

காற்றும் அப்படித்தான். டிசம்பர் முதல் மார்ச் வரை வாடை நன்றாக வீசும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அதில் அவ்வப்போது சுமத்ரா சூறை என்கிற திடீர்ப் புயல்காற்று. நடுவில் உள்ள மாதங்களில் பாய் தொங்கும், நீரோட்டம் மட்டும் படகை இழுத்துக்கொண்டு போகும். ஏப்ரலில் முதல்முறை படகேறுகிறவர் மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார்ந்துவிட்டு இறங்குவார், மறுபடி வரமாட்டார்.

என் கேள்வி இதுதான். பந்தயம் ஓட்டுகிற கிளப் என்று பெயர் வைத்துக்கொண்டு, பந்தயம் ஓட்டுகிறவர்களை உருவாக்கும் வேலையை யார் செய்கிறார்கள்?

#2 செங்காங் அப்பா (சனி, இரவு 10:25)

அண்ணன், பிள்ளைகள் பக்கத்தை நான் சொல்கிறேன். என் மகன் தொடக்கநிலை மூன்றில் ஆப்டிமிஸ்ட் படகில் ஏறினான், இப்போது உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறான்.

தெரியாதவர்களுக்காக: ஆப்டிமிஸ்ட் 2.36 மீட்டர் நீளமுள்ள, மூக்கு மழுங்கிய சின்னப் படகு. 1947இல் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் பிள்ளைகளுக்கென்றே வடிவமைத்தது. 35 கிலோ எடை. ஒரு பிள்ளை தனியாக ஓட்டும். 15 வயதாகும் ஆண்டுக்குப் பிறகு அந்த வகுப்பில் போட்டியிட முடியாது. சிங்கப்பூரில் இது நன்றாகவே நடக்கிறது. வார இறுதியில் ஈஸ்ட் கோஸ்டில் உள்ள நேஷனல் செய்லிங் சென்டர் பக்கம் போனால் வெள்ளைப் பாய்கள் கூட்டமாகத் தெரியும்.

சிக்கல் அதற்கப்புறம். 12 வயதில் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. அந்த வருடம் பல பிள்ளைகள் கடற்கரைப் பக்கமே வருவதில்லை. நேரடிப் பள்ளிச் சேர்க்கையில் படகோட்டத்தை வைத்து இடம் வாங்கியவர்கள் தொடர்ந்து ஓட்டுவார்கள், நல்லதுதான். ஆனால் அந்தப் பையன் பள்ளிக்காக ஓட்டுகிறான். பள்ளி முடிந்ததும் கடலோடு உள்ள தொடர்பும் முடிந்துவிடுகிறது. அப்புறம் தேர்வு, பையன்களுக்கு இரண்டு ஆண்டு தேசிய சேவை, பல்கலைக்கழகம், முதல் வேலை. 16 வயதிலிருந்து 26 வயது வரை எந்தக் கிளப்பும் அவனைத் தேடிப் போவதில்லை. 26இல் அவன் கையில் சம்பளம் இருக்கும்போது நுழைவுக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும்.

இன்னொன்று, பெற்றோர் பலர் கவனிக்காதது. ஆப்டிமிஸ்டுக்கு அடுத்தபடி பெரும்பாலும் ஐஎல்சிஏ, முன்பு லேசர் என்போமே அதுதான். படகு ஒன்றுதான், பாய் மட்டும் மூன்று அளவு: 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர். பிள்ளை வளர வளரப் பாயை மாற்றிக்கொள்ளலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் அதுவும் ஒற்றை ஆள் படகு. ஒரு பிள்ளை எட்டு வயதில் தொடங்கி இருபது வயது வரை இன்னொருவரோடு ஒரே படகில் உட்காராமலே வளர்ந்துவிட முடியும். அண்ணன் தேடுகிற அந்த ஆறேழு பேர் க்ரூவில் அவன் எப்படி வருவான்? அந்தப் படகுகளில் அவனுக்கு யாரையும் தெரியாது. அவனை அவர்களுக்கும் தெரியாது.

மகனுடைய பழைய ஆப்டிமிஸ்டை விற்பதற்காகத் துடைத்தபோது உள்பக்கச் சுவரில் மார்க்கர் எழுத்து இருந்தது. காற்று எவ்வளவு இருந்தால் எந்தக் கயிற்றை எந்தக் குறிவரை இழுப்பது என்று ஒரு சின்ன அட்டவணை, பல தடவை அடித்துத் திருத்தி எழுதியது. இவ்வளவு கற்ற பிள்ளையை ஒரு கிளப் கைவிடலாமா?

#3 ஜூரோங்வாசி (சனி, இரவு 11:02)

நான் படகு ஓட்டியதில்லை. கேட்கிறேன் என்று தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இது வசதியானவர்கள் விளையாட்டு. கிளப் சுருங்கினால் மற்றவர்களுக்கு என்ன நஷ்டம்? கடற்கரை நிலத்தைப் பூங்காவாக்கினால் எல்லோரும் போகலாமே.

#4 கச்சான் (ஞாயிறு, காலை 6:15)

ஜூரோங்வாசி தம்பி கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் கிளப்பில் உள்ளவர்கள் அதை எதிர்கொண்டே ஆகவேண்டும். நான் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன். 1980களில் ஒரு மேற்பார்வையாளர் "சனிக்கிழமை சும்மாதானே இருக்கிறாய், வின்ச் (பாய்க்கயிறு இழுக்கும் உருளை) சுற்ற வா" என்று கூட்டிப்போனார். உறுப்பினர் ஆக எனக்கு அப்போது வழியில்லை. ஆனாலும் பல வருடம் ஓட்டினேன். இந்த விளையாட்டில் பணம் படகு வைத்திருப்பவருக்குத்தான் செலவு. கூட ஓட்டுகிறவனுக்கு ஒரு தொப்பியும் பழைய கையுறையும் போதும். அந்த வாசல் பலருக்குத் தெரியாமல் இருப்பதுதான் எங்கள் குறை.

வாடைக்காற்று தம்பி, நீங்கள் ஆட்களைப் பற்றி எழுதினீர்கள். எனக்குக் கவலை கடலைப் பற்றி, கரையைப் பற்றி.

பாய்மரக் கிளப் என்பது இங்கே பிரிட்டிஷ்காரர் கொண்டுவந்த பழக்கம். ரிபப்ளிக் ஆஃப் சிங்கப்பூர் யாட் கிளப் 1826ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்கிறது. சாங்கியிலும் செம்பவாங்கிலும் படைத்தளங்கள் இருந்த காலத்தில் படைக்காரர்கள்தான் நிறைய ஓட்டினார்கள். 1971 கடைசியில் அவர்கள் கிளம்பியபோது "இனி யார் ஓட்டுவார்கள்?" என்ற கேள்வி அன்றைக்கே வந்தது. உள்ளூர்க்காரர்கள் வந்தார்கள், கிளப்புகள் பிழைத்தன. ஆட்கள் பிரச்சினையை ஒருமுறை தாண்டியிருக்கிறோம்.

கடல் விஷயம் அப்படி இல்லை. 2023 நவம்பரில் லாங் ஐலண்ட் திட்டத்தை அறிவித்தார்கள். மரினா ஈஸ்டிலிருந்து தானா மேரா வரை ஈஸ்ட் கோஸ்ட் கரைக்கு வெளியே சுமார் 800 ஹெக்டர் நிலமீட்பு, உள்ளே ஒரு நீர்த்தேக்கம். கடல்மட்டம் உயர்வதைத் தடுக்க அது தேவை, அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. என் பேரப்பிள்ளைகள் இருக்கப்போகும் ஊர். ஆனால் 2010 இளையர் ஒலிம்பிக் படகோட்டம் நடந்த நேஷனல் செய்லிங் சென்டர் நிற்பது அதே கரையில்தான். இன்று பிள்ளைகள் பழகும் திறந்த கடல் நாளை ஒரு தீவின் பின்பக்கம் ஆகிவிடும். நீர்த்தேக்கத்தில் படகு ஓட்டலாம், தப்பில்லை. அலையும் நீரோட்டமும் படிக்க அங்கே முடியாது. அதற்கான இடம் எது என்று திட்டம் வரைகிற இந்த நேரத்திலேயே கேட்டாக வேண்டும்.

அப்புறம் நிலம். கிளப்புகள் நிற்பது குத்தகை நிலம். கோல்ஃப் கிளப்புகளுக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். அதிவேக ரயிலுக்காக ராஃபிள்ஸ் கண்ட்ரி கிளப்பின் நிலத்தை எடுத்தார்கள், மரினா பே கோல்ஃப் திடல் 2024இல் மூடப்பட்டது. நம் கிளப்புகளுக்கும் ஒருநாள் அந்தக் கடிதம் வரும் என்று வைத்துத்தான் யோசிக்க வேண்டும். அன்றைக்கு "எங்கள் உணவகம் நன்றாக நடக்கிறது" என்று பதில் எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள். "வாராவாரம் இத்தனை படகு கடலில் இறங்குகிறது, இத்தனை பிள்ளைகள் இங்கே கற்றார்கள்" என்று எழுத முடிந்தால் பேசவாவது முடியும். ஜூரோங்வாசி தம்பிக்கும் அதுதான் பதில்.

#5 ஜிப் இழுப்பவள் (ஞாயிறு, மாலை 7:50)

இப்போதுதான் கடலிலிருந்து வந்தேன், கை எரிகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

நான் ஈசூனில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் யாருக்கும் படகு பற்றித் தெரியாது. பாலிடெக்னிக் முடித்தபின் மக்கள் கழகத்தின் பேஷன் வேவ் நீர்விளையாட்டு மையத்தில் ஒரு அடிப்படை வகுப்புக்குப் போனேன், தோழி கூப்பிட்டாள் என்பதற்காக. வகுப்பு முடிந்தது, சான்றிதழ் கிடைத்தது. அதன்பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. எங்கே போய் யாரைக் கேட்பது? கிளப் இணையப் பக்கத்தில் உறுப்பினர் கட்டணம் இருந்தது, பெர்த் விலை இருந்தது, திருமண மண்டப வாடகை இருந்தது. "க்ரூ தேவை" என்று எங்கும் இல்லை. பல மாதம் கழித்து அலுவலகத்தில் ஒருவர் தற்செயலாகச் சொல்லித்தான் படகேறினேன்.

முதல் நாள் என்னை அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, அனுப்பவில்லை, நல்லவேளை. முன்பக்கத்து ஜிப் பாயின் கயிற்றைக் கொடுத்து "டேக் என்று கத்தினால் விடு, இந்தப் பக்கம் வந்து இதை இழு" என்றார் படகை நடத்தும் ஸ்கிப்பர். டேக் என்றால் படகு காற்றைக் கடந்து மறுபக்கம் திரும்புவது. அவ்வளவுதான் சொன்னார். மூன்றாவது மிதவையில் நான் கயிற்றை விடத் தாமதித்தேன். பாய் பின்காற்றில் மாட்டி, படகு சுற்றி நின்றுவிட்டது. நான்கு படகு எங்களைத் தாண்டிப் போனது. யாரும் திட்டவில்லை. கரைக்கு வரும் வழியில் வின்ச்சில் கயிறு எந்தப் பக்கம் சுற்ற வேண்டும், எத்தனை சுற்று, விரலை எங்கே வைக்கக் கூடாது என்று ஒரு அங்கிள் உட்கார்ந்து காட்டிக்கொடுத்தார். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் நான் அடுத்த வாரம் போனேன். புது ஆட்களை நிறுத்திவைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் என் பதில் இதுதான்: கற்றுக்கொடுக்க ஒரு ஆளை ஒதுக்குங்கள்.

வீட்டுப் பக்கமும் ஒரு விஷயம் இருக்கிறது, நம்மவர்களுக்குப் புரியும். "கறுத்துப் போயிடுவ, யார் கட்டிக்குவா?" என்பதிலிருந்து "நீச்சல் தெரியுமா, கடல்ல என்ன வேலை?" என்பது வரை அம்மா கேட்காத கேள்வி இல்லை. நீச்சல் தெரியும், உயிர்காப்பு மேலங்கி எப்போதும் போட்டிருப்போம், பந்தயத்தில் பாதுகாப்புப் படகு கூடவே வரும் என்று காட்டுவதற்காக ஒருநாள் அம்மாவையும் அப்பாவையும் கூட்டிப்போனேன். வாசலில் காவலர் உறுப்பினர் எண் கேட்டார். விருந்தினர் பதிவில் என் பெயரை எழுதவே ஒரு உறுப்பினர் வேண்டும். அப்பா வெளியில் காரிலேயே உட்கார்ந்துவிட்டார். கிளப்புக்காக வாராவாரம் கடலில் நிற்கிறேன், என் பெற்றோரை ஒரு கோப்பை டீக்கு உள்ளே கூட்டிப்போக எனக்கு உரிமை இல்லை. இதை மாற்ற வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

#6 கணக்குப்பிள்ளை (ஞாயிறு, இரவு 9:30)

நான் கணக்காய்வுத் துறையில் இருக்கிறேன், ஒரு விளையாட்டுக் கிளப்பின் நிதிக் குழுவிலும் இருந்தேன். உணர்ச்சியை ஒதுக்கிவைத்துக் கணக்கை மட்டும் பார்க்கலாம்.

ஒரு உதாரணத்துக்கு 1,000 உறுப்பினர், மாதச் சந்தா 100 வெள்ளி என்று வைப்போம். ஆண்டு வருமானம் 1.2 மில்லியன். ஒவ்வோர் ஆண்டும் 3 விழுக்காடு மட்டும் குறைகிறது, புதியவர்களால் ஈடுசெய்ய முடியவில்லை என்றால், 15 ஆண்டில் கிட்டத்தட்ட 630 பேர் மிஞ்சுவார்கள். வருமானம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஆனால் செலவு அப்படிக் குறையாது. படகு ஏற்றி இறக்கும் சரிவுத்தளம் 630 பேருக்கும் அதேதான், 1,000 பேருக்கும் அதேதான். ஜெட்டி மரம் உப்புநீரில் அரிக்கும். பாதுகாப்புப் படகின் எஞ்சினை மாற்றவேண்டி வரும். காவல், மின்சாரம், காப்புறுதி எல்லாம் ஏறும். பொருள் சேவை வரி 2023இல் 8, 2024இல் 9 விழுக்காடு ஆனது. ஆகவே 3 விழுக்காடு என்பதைச் சின்ன எண்ணாக யாரும் நினைக்கக் கூடாது.

பல கிளப்புகளின் கணக்கில் நான் பார்த்த உண்மையான ஆபத்து வேறு. புது உறுப்பினரின் நுழைவுக் கட்டணத்தை அன்றாடச் செலவுக்கு எடுப்பது. 1990களில் கிளப் மெம்பர்ஷிப்பைச் சொத்து மாதிரி வாங்கி விற்றார்கள், அந்தக் காலத்தில் நுழைவுக் கட்டணம் கொட்டியது. இன்று 30 வயதுக்காரர் யாரும் அப்படிப் பணத்தை முடக்க மாட்டார், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடனும் குழந்தைப் பராமரிப்பும் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் வற்றும்போதுதான் சந்தாவால் கிளப்பை நடத்த முடியாது என்று தெரியவரும். சில கிளப்புகளுக்கு ஜாக்பாட் சூதாட்ட இயந்திர அறை காமதேனுவாக இருந்தது. 2017இல் உள்துறை அமைச்சு விதிகளை இறுக்கியபோது அதை நம்பியிருந்தவர்கள் திண்டாடினார்கள். பந்தயத்தை வேறொரு வருமானத்தில் தொங்கவிட்டால் அந்த வருமானம் போகும் நாளில் முதலில் வெட்டுவது பந்தயச் செலவைத்தான்.

கச்சான் ஐயா குத்தகை பற்றிச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். குத்தகையில் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதை வைத்துத்தான் எதில் முதலீடு செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். குறைந்த ஆண்டுகளே இருக்கும்போது பெரிய தொகையில் உணவகத்தைப் புதுப்பிப்பது சரியில்லை, நிலத்தோடு அது போய்விடும். படகு வாங்கினால் கிளப் எங்கே இடம் மாறினாலும் கூட வரும்.

#7 ஜூரோங்வாசி (ஞாயிறு, இரவு 10:05)

கச்சான் ஐயா, ஜிப் தங்கச்சி, நன்றி. உறுப்பினர் ஆகாமலே ஓட்டலாம் என்பது எனக்குத் தெரியாது. ஒரு சந்தேகம்: ஒலிம்பிக் பதக்கமெல்லாம் வந்ததே, அதனால் கூட்டம் சேரவில்லையா?

#8 செங்காங் அப்பா (ஞாயிறு, இரவு 10:40)

சேர்ந்திருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 2024இல் தேசிய தினத்தன்று மேக்ஸ் மேடர் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியபோது என் மகன் கத்திய கத்தில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். 17 வயது, சிங்கப்பூருக்கு ஒலிம்பிக் பதக்கம் வாங்கித்தந்தவர்களிலேயே இளையவர். ஆனால் அவர் ஓட்டியது கைட். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீருக்கு மேலே எழும்பிப் பறக்கிற பலகை. அதற்கும் கிளப்பில் கட்டிக்கிடக்கும் 30 அடிப் படகுக்கும் நடுவே பாதை இல்லை. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஐஎல்சிஏ 7இல் (பெரிய பாய் வகை) ரயன் லோ தங்கம் வென்றார். அதற்கு வெகு முன்பு, 1994இல் ஹிரோஷிமாவில் லேசரில் பென் டான் தங்கம் வென்றிருக்கிறார். எல்லாமே தனி ஆள் வெற்றிகள். பார்த்துவிட்டு ஆசைப்படுகிற பிள்ளைகள் ஆப்டிமிஸ்டுக்கு வருவார்கள். அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் ஏன் வருவதில்லை என்பதைத்தான் யோசிக்கிறேன். பிள்ளையை இறக்கிவிட்டு நான்கு மணி நேரம் கரையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறோம். ஒரு கிளப்பாவது "வாங்க, நீங்களும் ஒரு படகில் ஏறுங்க" என்று கூப்பிட்டதில்லை. நாற்பது வயதில், கையில் வருமானத்தோடு, கடற்கரையிலேயே காத்திருக்கிற கூட்டம் நாங்கள்.

#9 வாடைக்காற்று (திங்கள், மதியம் 1:15)

செங்காங் அப்பா எழுதியதை நேற்றிரவு மறுபடி மறுபடி படித்தேன். காத்திருக்கும் பெற்றோர்! பந்தயக் குழுவில் க்ரூ பற்றாக்குறை பற்றி அத்தனை பேசியிருக்கிறோம், அவர்களை நினைத்ததே இல்லை.

என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கிளப்பே ஒரே மாதிரிப் படகுகள் சிலவற்றை வாங்கி வைக்க வேண்டும். 25 அடிக்குள், நான்கைந்து பேர் ஓட்டக்கூடியது, பழையதாக இருந்தாலும் சரி. சொந்தப் படகு இல்லாத நான்கு பேர் ஒரு அணியாகச் சேர்ந்து ஒரு பருவத்துக்கு வாடகை கட்டி ஓட்டட்டும். எல்லாம் ஒரே படகு என்பதால் ஹேண்டிகேப் கணக்கு வேண்டாம், முதலில் வந்தவர் முதல். முன்பு சொன்ன முட்டிமோதல் திரும்ப வரும். இங்கே பல்கலைக்கழக மாணவர்கள் துவாஸ் பக்கம் வெஸ்டர்ன் சர்க்யூட் ரெகாட்டா என்ற படகுப் போட்டியையே நடத்தியிருக்கிறார்கள். ஆகவே இளையர்களுக்கு ஆர்வம் இல்லை என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. பட்டம் வாங்கிய அடுத்த வாரம் அவர்களுக்குப் படகு இல்லை, அவ்வளவுதான்.

பந்தயங்களையும் சுருக்க வேண்டும். காலை 9 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குப் போகிற ஏற்பாடு குடும்பம் உள்ளவர்களுக்குச் சரிப்படாது. 40 நிமிடப் பந்தயம் இரண்டு மூன்று, மதியச் சாப்பாட்டுக்கு வீடு. நீண்ட பந்தயங்களை வாடைக் காலத்துக்கு மட்டும் வைக்கலாம்.

#10 கச்சான் (திங்கள், இரவு 8:20)

தம்பி, கிளப் படகு பற்றி எனக்குத் தயக்கம் இருக்கிறது. பார்த்திருக்கிறேன். நம் கடலில் இரண்டு மாதம் சும்மா கிடந்தாலே படகின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொள்ளும், வேகம் குறைந்துவிடும். வெயிலில் பாயின் தையல் விட்டுப்போகும். சொந்தக்காரன் என்றால் ஞாயிறு காலை தானே தேய்ப்பான். கிளப் படகை யார் தேய்ப்பது? முதல் வருடம் பளபளப்பாக இருக்கும், மூன்றாம் வருடம் கயிறு அறுந்து, கப்பி உடைந்து, மூலையில் ஒதுக்கி வைத்திருப்பார்கள். பராமரிப்புக்கு ஆளும் பணமும் ஒதுக்காமல் வாங்கினால் அது நம்மைக் காப்பாற்றாது.

கடலில் வேலை செய்கிறவர்களையும் மறக்க வேண்டாம். பந்தயத்தை நடத்தும் ரேஸ் ஆபீசர், மிதவை போடுகிறவர், பாதுகாப்புப் படகு ஓட்டுகிறவர். எல்லாம் தொண்டூழியர்கள், பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். விதிமுறைப் புத்தகம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறது, இப்போது 2025 முதல் 2028 வரைக்கானது நடப்பில் உள்ளது. அதைப் படித்து ஆட்சேபங்களைத் தீர்க்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மேற்கில் கருமேகம் திரண்டு வரும்போது பந்தயத்தை நிறுத்துவதா தொடர்வதா என்று சில நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டும். சுமத்ரா சூறையில் காற்று மணிக்கு 80 கிலோமீட்டர் வரை போகும். பாயை இறக்கச் சொல்லிப் பிள்ளைகளைக் கரைசேர்க்கும் அந்த அனுபவத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இளையவர்கள் இரண்டு பேரை ஒவ்வொரு பந்தயத்துக்கும் என்னோடு கமிட்டி போட்டில் ஏற்றுங்கள். சொல்லித்தர நான் தயார்.

#11 ஜிப் இழுப்பவள் (திங்கள், இரவு 9:05)

ஐயா, நான் ஏறுகிறேன். வாடைக் காலத் தொடர் ஆரம்பிக்கும்போது சொல்லுங்கள்.

படகைத் தேய்ப்பது யார் என்று கேட்டீர்கள். படகில்லாத நாங்கள் தேய்ப்போம். ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு அணிக்கு ஒரு குறிப்பிட்ட படகைப் பருவம் முழுக்கக் கொடுக்க வேண்டும். இந்த வாரம் இது, அடுத்த வாரம் அது என்று மாற்றிக் கொடுத்தால் யாருக்கும் அக்கறை வராது. தோற்றால் எங்கள் படகின் அடி அழுக்கு என்று எங்களுக்கே தெரியுமே!

#12 கணக்குப்பிள்ளை (திங்கள், இரவு 10:50)

கச்சான் ஐயா சொன்னது கணக்கிலும் சரி. படகு வாங்கும் தொகையோடு, ஆண்டுதோறும் ஒரு பங்கைப் பராமரிப்புக்கும் பாய் மாற்றவும் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும், கொண்டோமினியத்தில் பெரிய பழுதுகளுக்காகச் சிங்கிங் ஃபண்ட் (சேமநிதி) வைப்பது போல. வாடகை வருமானம் அதை ஈடுகட்டாவிட்டால் கட்டணத்தை மாற்றுங்கள், ஒதுக்கீட்டைத் தொடாதீர்கள்.

வாடைக்காற்று, அடுத்த பொதுக்கூட்டத்துக்கு நீங்கள் தீர்மானம் கொண்டுவருவதாக இருந்தால் வாசகம் இப்படி இருக்கலாம். ஒன்று, ஆண்டறிக்கையில் மொத்த உறுப்பினர் எண்ணோடு ஒவ்வொரு பந்தயத்திலும் தொடங்கிய படகுகளின் சராசரி, படகேறிய தனி நபர்களின் எண்ணிக்கை, அவர்களில் 35 வயதுக்குட்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் வெளியிட வேண்டும். இரண்டு, க்ரூ உறுப்பினர் என்று ஒரு புதுப் பிரிவு: நுழைவுக் கட்டணம் இல்லை, சிறிய மாதச் சந்தா, வாக்குரிமை இல்லை, ஆனால் வாசலில் நுழையவும் விருந்தினரைக் கூட்டிவரவும் உரிமை உண்டு. மூன்றாவது கிளப் படகுகள், பராமரிப்பு நிதியோடு சேர்த்து மட்டும். மூன்றையும் தனித்தனியாக வாக்கெடுப்புக்கு விடுங்கள். சேர்த்துப் போட்டால் படகுச் செலவுக்குப் பயந்து மற்ற இரண்டையும் தோற்கடித்துவிடுவார்கள்.

#13 வாடைக்காற்று (செவ்வாய், காலை 7:30)

அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவதில் மட்டும் ஒரு திருத்தம்: பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு முதல் ஆண்டு க்ரூ சந்தா வேண்டாம். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய வாக்குரிமையுள்ள ஒருவர் வேண்டும்.

#14 கச்சான் (செவ்வாய், காலை 7:42)

என் பெயரைப் போடுங்கள்.